மொறுமொறு சாட்சி

பிரான்க்ளின் அச்சு முறுக்கைக் கடித்தான். சத்தம் வரவில்லை.

இன்னொரு முறை கடித்தான். முறுக்கு உடையாமல் வளைந்து கொடுத்தது. துப்பறியும் உதவியாளன் என்ற முறையில் அவன் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ அவமானங்களைப் பார்த்தவன். ஆனால் டிசம்பர் மாதத்தில், அதுவும் ஒரு கிறிஸ்தவ வீட்டில், நமத்துப்போன அச்சு முறுக்கு அவனுக்கே புதிது.

"ஆண்ட்டி, இது முறுக்கா சப்பாத்தியா?"

"மழைப்பா!" என்றார் டோரிஸ். மலாக்காவின் புக்கிட் பெருவாங்கில் தனியாக வசிக்கும் அந்த அம்மாளுக்கு அழுகை வரும் போலிருந்தது. "ரெண்டு வாரமா வெயிலயே காணோம். போன வாரம் வரைக்கும் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. நீ இங்க கடிச்சா பக்கத்து வீட்டு நாய் கொரைக்கும். இப்ப பாரு, என் மானமே போச்சு."

நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த ஹஃப்சா நிமிர்ந்தாள். பாச்சாங்கில் மசாலாக் கடைக்கு மேலே அலுவலகம் வைத்திருக்கும் துப்பறிவாளர் அவள். காணாமல் போன பூனை முதல் காணாமல் போன மாப்பிள்ளை வரை தேடிக் கொடுத்தவள். அவளுக்கு ஒரு கொள்கை உண்டு. பொய் சொல்கிறவர்கள் யோசித்துச் சொல்வார்கள்; குறைப்பட்டுக்கொள்கிறவர்கள் யோசிப்பதே இல்லை. அதனால் யார் எங்கே புலம்பினாலும் அவள் காது அங்கே போய்விடும்.

"முறுக்கு எப்பலேர்ந்து இப்படி ஆச்சு, அக்கா?"

"ஞாயித்துக்கெழமலேர்ந்து."

"இங்க என் உயிர் போவுது, நீங்க முறுக்கப் பத்திப் பேசறீங்களே!" என்று அறையின் மூலையிலிருந்து ஒரு குரல் வெடித்தது. டோரிஸின் அண்ணன் டெஸ்மண்ட். இந்த வழக்கைக் கொண்டுவந்தவரே அவர்தான்.

அவர் கோபத்தைக் குறை சொல்ல முடியாது. டெஸ்மண்டுக்குப் பாச்சாங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் ஒலிப்பதிவு அறை இருக்கிறது. தேவாலயப் பாடகர் குழுவுக்கு வருஷம் தவறாமல் புதிய கிறிஸ்துமஸ் பாட்டுகள் செய்வார். புதன்கிழமை பெய்த பேய் மழையில் அந்தக் கட்டடத்தில் இடி விழுந்தது. மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் கருகிய வாசனை. சன்னலில் தொங்கிய காகித நட்சத்திரத்தின் பல்பு வெடித்திருந்தது. கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் அவர் மனைவி அன்னம்மா பாடிய பாட்டு இருந்தது. செப்டம்பரில் பாடினார். அக்டோபரில் கழுத்தில் ஆபரேஷன். ஆள் பிழைத்துக்கொண்டார், குரல் பிழைக்கவில்லை. இப்போது அவர் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்; இனிப் பாட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கேரல் விழாவில் அந்தப் பாட்டை எல்லாரும் கேட்க வேண்டும் என்பது டெஸ்மண்டின் ஆசை. இன்றைக்கு வெள்ளி. பாட்டு போய்விட்டதை மனைவியிடம் அவர் இன்னும் சொல்லவில்லை.

"யாருக்காச்சும் போன்ல அனுப்பியிருக்கலாமே, அங்கிள்?" என்று பிரான்க்ளின் காரில் வரும்போதே கேட்டிருந்தான்.

"ஒரு எடத்துல சின்னக் குறை இருந்துச்சு. சரி பண்ணாம எப்படி வெளிய விடறது?"

டெஸ்மண்ட் அப்படிப்பட்டவர். அவர் பாட்டு செய்து முடிப்பதற்குள் அடுத்த கிறிஸ்துமஸ் வந்துவிடும்.

ஆனால் அவர் ஒரு நல்ல காரியமும் செய்திருந்தார். ஜனவரியில் கம்ப்யூட்டர் கடைக்கார ரிஸால் எடுத்துச் சொன்னான்: "தீ, வெள்ளம், இடி, எது வந்தாலும் கடையில உள்ளது கடையோட போயிரும் அங்கிள். பேக்கப் வேற எடத்துல இருக்கணும்." மாதாமாதம் வாடகைக்குக் கிடைக்கும் வெளிநாட்டு சர்வரைக் காட்டினான். டெஸ்மண்ட் ஒப்புக்கொள்ளவில்லை. யார் எவர் என்று தெரியாத இடத்தில் பாட்டைக் கொண்டுபோய் வைப்பதா? தங்கச்சி வீடு எதற்கு இருக்கிறது? ஆகவே ரிஸால் ஒரு கறுப்புப் பெட்டியை டோரிஸின் ஸ்டோர் ரூமில், வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் வைத்து, இன்டர்நெட் வயரை மாட்டிவிட்டான். தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு ஒலிப்பதிவு அறைக் கம்ப்யூட்டர் தன்னிடம் உள்ளதையெல்லாம் அந்தப் பெட்டிக்கு அனுப்பிவிடும். டெஸ்மண்டின் தொலைதூர சர்வர் அதுதான்.

நேற்று அவர் அதை எடுக்க ஓடிவந்தார். வெங்காயம் இருந்தது. பெட்டி இல்லை.

"திருடன்தான் அண்ணே!" என்று டோரிஸ் அப்போதும் சொன்னார், இப்போதும் சொன்னார்.

ஹஃப்சா ஸ்டோர் ரூமுக்குள் போனாள். பூட்டில் கீறல் இல்லை. புத்தம் புது ரைஸ் குக்கர் அட்டைப்பெட்டி பிரிக்காமல் இருந்தது. அலமாரித் தட்டில் தூசி, நடுவில் மட்டும் தூசியில்லாத ஒரு சதுரம். சுவரில் சுவிட்ச் அணைந்திருந்தது.

"ரைஸ் குக்கர விட்டுட்டு கறுப்புப் பெட்டியத் தூக்கிட்டுப் போயிருக்கான்," என்றான் பிரான்க்ளின். "ஏற்கெனவே சோறு சாப்டுட்டு வந்த திருடன் போல."

"சுவிட்சையும் அணைச்சிட்டுப் போயிருக்கான். கரண்டு பில் மேல அக்கறை உள்ளவன்." ஹஃப்சா திரும்பினாள். "முறுக்கு டின்ன எங்க வெப்பீங்க, அக்கா?"

டோரிஸ் விரலால் அந்தத் தூசியில்லாத சதுரத்தைக் காட்டினார். காட்டியபின் விரலை மடக்கிக்கொண்டார்.

"பெட்டி மேலயா?"

"சும்மா... அது எப்பவும் வெதுவெதுன்னு இருக்கும். மழைக் காலத்துல அது மேல டின் வெச்சா முறுக்கு நமக்காது." டோரிஸ் அவசரமாக அண்ணனைப் பார்த்தார். "நீ பெட்டியத் தொடாதன்னுதானே சொன்ன. நான் பெட்டியத் தொடல. டின்னத்தான் வெச்சேன்."

டெஸ்மண்ட் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப ஞாயித்துக்கெழம முறுக்கு நமத்துச்சுன்னா, பெட்டி அதுக்கு முன்னாடியே போயிருச்சு," என்றாள் ஹஃப்சா. "சனிக்கெழம வீட்டுக்கு யாரு வந்தா?"

"பலகாரம் சுட வந்தாங்க. வருஷா வருஷம் சேர்ந்துதானே சுடுவோம். மழையில மத்தவங்க வரல. தேவமலர் மட்டும்..."

"தேவமலரா!" டெஸ்மண்ட் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "பாயா ரும்புட் பாட்டுக் கோஷ்டித் தலைவி! நாலு வருஷமா கேரல் விழாவுல எனக்குப் போட்டி! என் பாட்டக் கேட்டுட்டு அவ பாட்ட மாத்தப் பாக்கறா!"

"அவ அப்படிப்பட்டவ இல்ல அண்ணே," என்ற டோரிஸ், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. காலையிலிருந்து மழையைப் பற்றியும் முறுக்கைப் பற்றியும் முட்டி வலியைப் பற்றியும் ஓயாமல் பேசியவர் திடீரென்று ஊமையானதை ஹஃப்சா கவனித்தாள். பிரான்க்ளின், தட்டில் மிச்சமிருந்த ஒரு முறுக்கைத் தடயம் என்று சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

*

பாயா ரும்புட் போய்ச் சேரும்போது மழை இன்னும் வலுத்திருந்தது. டெஸ்மண்ட் வழியெல்லாம் தேவமலருக்கான வசனங்களைக் காரின் பின்சீட்டில் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார்.

"நீங்க காடியிலயே இருங்க, அண்ணே," என்றாள் ஹஃப்சா. "உள்ள வந்தீங்கன்னா பெட்டி கெடைக்காது, சண்டைதான் கெடைக்கும்."

தேவமலர் வாசலுக்கு வந்தார். அறுபது வயது, ஆறடி உயரம், பின்வரிசைக்கும் மைக் இல்லாமல் கேட்கும் குரல். வந்தது யார் எவர் என்று கேட்பதற்கு முன்னாலேயே உட்கார வைத்தார், பால் இல்லாத கோப்பி ஓ வைத்தார், பலகாரத் தட்டை வைத்தார்.

"கம்ப்யூட்டரா? இந்த வீட்டுல கம்ப்யூட்டரே கெடையாது லா. எங்க பாட்டெல்லாம் தலைக்குள்ள இருக்கு."

ஹஃப்சா பிரான்க்ளினைப் பார்த்தாள். பிரான்க்ளின் தட்டைப் பார்த்தான். ஓர் அச்சு முறுக்கை எடுத்துக் கடித்தான்.

படீர்!

முறுக்குத் தூள் பிரான்க்ளினின் சட்டையெல்லாம் சிதறியிருந்தது. அவன் பையிலிருந்து டோரிஸ் வீட்டு முறுக்கை எடுத்து வளைத்தான். அது வளைந்தது. கையிலிருந்த தேவமலர் முறுக்கை வளைக்கப் பார்த்தான். அது தூளானது.

"ஒரே நாள், ஒரே மாவு, ஒரே எண்ணெய்," என்றான் வாய் நிறைய. "ஒரே மழை, அக்கா."

"தேவமலர் அக்கா," என்றாள் ஹஃப்சா மெதுவாக, "கம்ப்யூட்டர் வேணாம். உங்க வீட்டுல சூடா ஒரு பெட்டி இருக்கா?"

தேவமலரின் முகம் மலர்ந்தது. "அதுவா! அத மொதல்லயே கேட்டிருக்கலாமே!"

சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில் அது இருந்தது. மேலே ஒரு துணி, துணிக்கு மேலே நான்கு பிஸ்கட் டின்கள். முன்பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு சமர்த்தாகக் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

"என்னா அருமையான சாமான்! மாவு அள்ளும்போது கை பட்டுச்சு, வெதுவெதுன்னு இருந்துச்சு. ஒரு வாரத்துக்குக் குடேன்னு கேட்டேன். நாளைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பாட வருதுங்க, முறுக்கு நமத்துப் போயிருந்தா என்னா பேசுவாங்க? டோரிஸ் நல்ல மனசோட குடுத்தா. ஏம்மா, இது எங்க விக்கிது?"

"குடுத்தாங்களா, எடுத்துட்டு வந்தீங்களா?" என்று பிரான்க்ளின் போலீஸ் தோரணையில் கேட்டான்.

ஹஃப்சா டின்களை இறக்கிவிட்டுப் பெட்டியைப் புரட்டினாள். அடியில், சிவப்பு நகப்பாலிஷில், கோணல் மாணலாக ஒரு பெயர்: டோரிஸ்.

"திருடு போற சாமானுக்கு யாரும் பேரு எழுதி வெக்க மாட்டாங்க, பிரான்க்ளின். இரவல் குடுக்கும்போதுதான் எழுதுவாங்க. எங்க அம்மா ஒரு கரண்டிய வெளிய அனுப்புனாக்கூட நகப்பாலிஷத் தேடுவாங்க. இந்த வீட்டுல யாரும் பாட்டத் திருடல. டோரிஸ் அக்கா சூட்ட இரவல் குடுத்திருக்காங்க."

அந்த நேரம் பார்த்து டெஸ்மண்ட் சொட்டச் சொட்ட நனைந்தபடி உள்ளே பாய்ந்தார். "தேவமலர்! என் பாட்டு..." என்று தொடங்கியவர், முறுக்கு டின்களுக்கு நடுவே தன் பேக்கப் சர்வரைக் கண்டு வாய் பிளந்தார். ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றுகூட அவருக்கு ஞாபகம் வரவில்லை. தேவமலர் அவர் தலைமேல் ஒரு துண்டைப் போட்டுவிட்டு, கையில் ஒரு முறுக்கைக் கொடுத்தார்.

போனில் டோரிஸ் விம்மினார். "நீ ஏசுவன்னு பயந்துட்டேன் அண்ணே. தொடாதன்னு சொன்னியேன்னு நான் தொடவே இல்ல. வயரக்கூட தேவமலர்தான் கழட்டுனா."

"பேரு யாரு எழுதுனா?" என்று கேட்டார் டெஸ்மண்ட்.

"பிரஷ்தான் பட்டுச்சு. கை படல."

*

பாச்சாங் மாடியறையில் ரிஸால் லேப்டாப்போடு காத்திருந்தான். கரண்டு காலையில்தான் திரும்பியிருந்தது. பெட்டியை மேசைமேல் வைத்து வயரை மாட்டினார்கள். தேவமலரும் கூடவே வந்திருந்தார், மடியில் ஒரு டின்னோடு. சூடு போய்விட்டால் டின்னையாவது பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா?

"ஜனவரி இருக்கு," என்றான் ரிஸால். "பழைய பாட்டெல்லாம் இருக்கு." கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். "பிப்ரவரி இல்ல. மார்ச் இல்ல. அங்கிள்... ஏப்ரல், மே, ஒண்ணுமே வரல."

பெட்டி பழையது, ஒவ்வொரு மாதத்தையும் நிதானமாகத் தேடி, நிதானமாக இல்லை என்றது.

"ராத்திரியில கம்ப்யூட்டர ஆஃப் பண்ணாதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே, அங்கிள்!"

"நான் கம்ப்யூட்டர ஆஃப் பண்ணல," என்றார் டெஸ்மண்ட்.

"பின்ன?"

"மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணேன்." அவர் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "கடையப் பூட்டும்போது மெயின ஆஃப் பண்ணாம யாராச்சும் வீட்டுக்குப் போவாங்களா? தீப் புடிச்சா?"

அண்ணனும் தங்கையும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் என்பது தெரிந்தது. தீக்குப் பயந்து பேக்கப் வைத்த மனிதர், தீக்குப் பயந்தே பத்து மாதமாக அதை நிறுத்தி வைத்திருக்கிறார். டெஸ்மண்ட், பாடகர்கள் நிற்கும் இடத்தில், தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அவளோட கொரலு," என்றார். "அவ அங்கதான் நின்னு பாடுனா. நான்தான் இன்னொரு தடவ பாடு, இன்னொரு தடவ பாடுன்னு நிக்க வெச்சேன். இப்ப ஒண்ணுகூட இல்ல." பெரிய மனிதர் அழுவதைப் பார்க்க முடியாமல் ரிஸால் திரையை மூடப் போனான்.

"மூடாத," என்றாள் ஹஃப்சா.

அவள் சன்னலுக்குப் பக்கத்தில் நின்று அந்தக் காகித நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, புதன்கெழம இடி விழுந்தப்ப நீங்க இங்க இருந்தீங்களா?"

"இல்ல. மழைன்னு அப்பவே கடையச் சாத்திட்டேன்."

"மெயின ஆஃப் பண்ணிட்டுத்தானே போனீங்க?"

"ஆமா. எப்பவும்..."

"மெயின் ஆஃப்ல இருந்தா கம்ப்யூட்டர் எப்படிக் கருகுச்சு? இந்த பல்பு எப்படி வெடிச்சுச்சு?"

மெல்ல மெல்ல டெஸ்மண்டின் கண்கள் நட்சத்திரத்துக்குப் போயின.

"நட்சத்திரம்!" என்று அலறினார். "டிசம்பர் ஒண்ணாந்தேதி நட்சத்திரம் மாட்டிட்டேன்! அது விடிய விடிய எரியணும்! அதுக்கும் இதுக்கும் ஒரே மெயின்! டிசம்பர் பொறந்ததுலேர்ந்து நான் மெயின்ல கையே வெக்கல!"

"டோரிஸ் அக்கா பெட்டியக் குடுத்தது போன சனிக்கெழம, ஆறாந்தேதி," என்றாள் ஹஃப்சா. "நடுவுல அஞ்சு ராத்திரி இருக்கு, ரிஸால்."

"அப்போ கம்ப்யூட்டர எரிச்சதும் அந்த நட்சத்திரந்தான், காப்பாத்துனதும் அந்த நட்சத்திரந்தான்," என்றான் பிரான்க்ளின். "நட்சத்திர பலன நம்பலாமா வேணாமான்னே தெரியல."

பெட்டி நவம்பரைத் தேடி, இல்லை என்றது. டிசம்பருக்கு வந்தது. பச்சை விளக்கு படபடவென்று அடித்துக்கொண்டது. திரையில் வரிசை வரிசையாகப் பாட்டுகள் இறங்கின. ஒன்றின் பெயர்: அன்னம்மா.

ரிஸால் அதைத் தட்டினான்.

குரல் வந்தது. தெளிவாக, எந்த அவசரமும் இல்லாமல், அந்தச் சின்ன அறைக்குப் போதுமான அளவுக்கு. தேவமலர் டின்னை அணைத்துக்கொண்டு வெளிப்படையாகவே அழுதார். நான்கு வருஷப் போட்டியாளர் அழுததை டெஸ்மண்ட் பார்க்கவில்லை. அவர் ஸ்பீக்கரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பாட்டு முடிந்தபோது கதவோரத்தில் ஒரு நனைந்த குடை நிற்பதைப் பிரான்க்ளின்தான் முதலில் பார்த்தான். குடைக்குப் பின்னால் சாப்பாட்டுத் தூக்கோடு அன்னம்மா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"அன்னம்மா..." டெஸ்மண்ட் தடுமாறி எழுந்தார். "உங்கிட்ட சொல்லல. கம்ப்யூட்டர்..."

அன்னம்மா கிட்டே வந்து அவர் காதோரம் ஏதோ சொன்னார். டெஸ்மண்ட் அழுகையும் சிரிப்புமாகத் திரும்பினார்.

"நேத்தே தெரியுமாம். என் மூஞ்சிய வெச்சே கண்டுபுடிச்சிட்டாளாம். அப்புறம்... ரெண்டாவது சரணத்துல சுருதி கொஞ்சம் எறங்கியிருக்காம்."

"அதத்தானே நீங்க சரி பண்ணணும்னு சொன்னீங்க, அங்கிள்?" என்று கேட்டான் பிரான்க்ளின்.

"ஆமா," என்றார் டெஸ்மண்ட். மனைவியைப் பார்த்தார். "எறங்கியே இருக்கட்டும் லா."

சொன்னதோடு நிற்கவில்லை. ரிஸாலின் தோளை உலுக்கி, பாட்டைத் தன் போனுக்கு வாங்கி, பாடகர் குழு முழுவதற்கும் அனுப்பினார். தங்கைக்கு அனுப்பினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, தேவமலருக்கும் அனுப்பினார். ஆயர் குரோவில் ஒரு போன், புக்கிட் பெருவாங்கில் ஒரு போன், தேவமலரின் கைப்பைக்குள் ஒரு போன் என்று அந்தக் குரல் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது. இனி மலாக்கா முழுக்க இடி விழுந்தால்தான் உண்டு.

நட்சத்திரத்துக்குப் புது பல்பு மாட்டினார்கள். தேவமலரின் டின் காலியானது. எல்லாரும் குடையைத் தேடிக் கிளம்பினார்கள். டெஸ்மண்ட் கடைசியாக அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். மனம் நிறைந்து பெருமூச்சு விட்டார். பிறகு, பல வருஷப் பழக்கம், அவர் கை தானாகவே கதவுக்குப் பின்னால் மெயின் சுவிட்சுக்குப் போனது.

"அண்ணே!" "அங்கிள்!" "டெஸ்மண்ட்!" என்று நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அன்னம்மாவால் கத்த முடியாது. அவர் அந்தக் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தார். அடி படீரென்று விழுந்தது.